அறுபத்தோராம் நம்பர் கேசட்

செந்தமிழ்செல்வனுக்குக் கல்யாணம் ஆனபோது அவரிடம் நாற்பது வீடியோ கேசட்டுகள் இருந்தன. கூட்டுறவு சங்க எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அது நானூற்றைத் தாண்டிவிட்டது. கேசட் போக, சிடி, டிவிடி எல்லாம் தனி. கடலூர் புதுப்பாளையத்தில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் மூன்று இரும்பு அலமாரிகள் அவற்றுக்கே போய்விட்டன. துணிமணிகள் பெட்டியில் இருந்தன.

கடைகளில் கிடைக்கிற படங்களை அவர் சேர்க்கவில்லை. தியேட்டரில் நாலு நாள் ஓடிவிட்டு மறைந்துபோன படங்கள், ஒரேயொரு படம் எடுத்துவிட்டுக் காணாமல் போன இயக்குநர்கள், இவைதாம் அவருக்கு வேண்டும். பாண்டிச்சேரியில் யாராவது வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்கிறார் என்று தெரிந்தால் முதல் பஸ்ஸில் போய் நிற்பார். பரங்கிப்பேட்டையில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்களிடம் சொல்லிவைத்துக் காலி கேசட் வாங்குவார். தூரதர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போடுகிற மாநில மொழிப் படங்களை உட்கார்ந்து பதிவு செய்வார். விளம்பரம் வரும்போது நிறுத்தமாட்டார். நிறுத்திவிட்டு மறுபடி போடுவதற்குள் படத்தில் அரை வினாடி போய்விடும் என்பார்.

அலமாரிகளைப் பராமரித்தது அவர் மனைவி புஷ்பவள்ளி. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. கடற்கரை ஊரில் கேசட்டுக்குப் பூஞ்சைதான் எமன். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நிழலில் காயவைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஓரம் துடைத்து, மறுபடி நம்பர் வாரியாக அடுக்குவாள். அந்தப் படங்கள் அவளுக்குப் பிடிக்காது. பாதியில் தூங்கிவிடுவாள். ஆனாலும் துடைத்தாள். அவருக்கு முதுகு வலி, குனிய முடியாது.

அவர்கள் கல்யாணம் தொண்ணூற்றைந்தில், புவனகிரியில், புஷ்பவள்ளியின் சொந்த ஊரில் நடந்தது. மூன்று மணி நேரக் கேசட்டாக வீடியோ எடுத்தார்கள். அதில் அவள் தங்கை கயல்விழி முதலிலிருந்து கடைசிவரை இருந்தாள். பத்தொன்பது வயது. பந்தியில் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், மாப்பிள்ளை செருப்பை ஒளித்துவைத்தாள், வீடியோக்காரரிடமே சண்டை போட்டாள். மூன்று வருஷம் கழித்துக் கயல்விழிக்குத் திருவதிகைக் கோயிலில் சிக்கனமாகக் கல்யாணம் நடந்தது. ஆறு போட்டோதான், வீடியோ கிடையாது. இரண்டாயிரத்தில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அவள் மகள் இசைவாணிக்கு அப்போது எட்டு மாதம்.

பதினாறாம் நாள் முடிந்து வந்த அன்று புஷ்பவள்ளி கல்யாணக் கேசட்டைக் கேட்டாள்.

"அது பூஞ்சை புடிச்சிப்போச்சு புஷ்பா. டெக்ல போட்டா ஹெட்டு போயிடும்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் செந்தமிழ்செல்வன்.

அவள் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இசைவாணியின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டதால் பிள்ளை புவனகிரியில் தாய்மாமன் கதிர்வேல் வீட்டில் வளர்ந்தது. லீவுக்குக் கடலூர் வரும். பத்து வயதில் ஒருநாள் அந்த மூன்று அலமாரிகளையும் பார்த்துவிட்டுக் கேட்டது: "பெரியம்மா, இத்தன கேசட்டுல எங்கம்மா எதுலயாவது இருக்காங்களா?"

"இருந்துச்சும்மா. கெட்டுப்போச்சு."

பிள்ளை அப்புறம் கேட்கவில்லை.

போன வருஷம் தை மாதம் செந்தமிழ்செல்வனுக்கு நல்ல காலம் பிறந்தது. சிதம்பரத்தில் திரைப்படக் கழகம் நடத்துகிற சபாபதி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் அவருடைய பட்டியலைப் பார்த்தார். அதில் அறுபத்தோராம் நம்பரில் 'கானல் படகு' என்று எழுதியிருந்தது. எழுபத்து மூன்றில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நெகட்டிவ் தீயில் போய்விட்டது, பிரிண்ட் எங்கேயும் இல்லை. இப்படி ஒரு படம் இருந்தது என்பதையே புத்தகங்களில் சந்தேகத்தோடுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தூரதர்ஷன் அதை ஒரே ஒரு முறை, தொண்ணூற்றேழில், ஒரு ஞாயிறு மதியம் போட்டிருக்கிறது. அவர்களிடம் இருந்த பிரதியும் பின்னால் கெட்டுப்போயிற்று. அதைப் பதிவு செய்து வைத்திருந்தவர் நாட்டில் இவர் ஒருவர்தான்.

பெங்களூரிலிருந்து ஆவணக் காப்பகத்துக்காரர்கள் போன் செய்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. செந்தமிழ்செல்வன் புதுச் சட்டை நாலு தைத்துக்கொண்டார். முப்பது வருஷமாக அவரைக் கிறுக்கன் என்று சொன்ன சொந்தக்காரர்கள் இப்போது வீட்டுக்கு வந்தார்கள். புஷ்பவள்ளிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள்.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையைச் சிதம்பரம் மேலவீதியில் வீடியோ கடை வைத்திருந்த சார்லஸிடம் கொடுத்தார்கள். பழைய கல்யாணக் கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவதுதான் அவன் பிழைப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்தபோது செந்தமிழ்செல்வன் தூங்கிக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி எடுத்தாள்.

"டீச்சர், நான் சார்லஸ் பேசறேன். படம் நல்லா வந்துடுச்சு. சார் எழுந்தா ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. படம் முடிஞ்சப்புறம் கேசட்டுல பதினோரு நிமிசம் வேற என்னாவோ ஓடுது. வெட்டிடலாமான்னு."

"என்னா ஓடுது?"

"பழைய கல்யாண வீடியோ டீச்சர். அதுமேலதான் படத்த ரெக்கார்டு பண்ணியிருக்காரு சார். கடைசி கொஞ்சம் அழியாம தப்பிச்சிருக்குது. பந்தி, மொய் எழுதறது, அந்த மாதிரி."

"யாரு கல்யாணம்?"

"தெரியலியே. பின்னாடி மண்டபத்து போர்டுல புவனகிரின்னு இருக்குது."

அவள் போனோடு வாசலுக்கு வந்தாள். பிறகு, "வெட்டாத. நான் நாளைக்கி வரேன். சாரு கிட்ட நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். கடையில் சார்லஸ் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் ஓடவிட்டான். வீடியோக்காரன் அந்தக் காலத்து வழக்கப்படி சினிமாப் பாட்டை மேலே போட்டு எல்லாச் சத்தத்தையும் அழித்திருந்தான். மாமனார் சாப்பிட்டார். மாமனாரின் தம்பி சாப்பிட்டார். சங்கத்துச் செயலாளர் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினார். யார் யாரோ மொய் எழுதினார்கள். ஒன்பதாவது நிமிஷத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். புஷ்பவள்ளிக்கு அந்தப் பின்னல் போதும். கயல்விழி திரும்பினாள், கேமராவைப் பார்த்தாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். உடனே திரையின் நடுவிலிருந்து ஒரு சிவப்பு இதயம் விரிந்து அவளை மூடிவிட்டது. அதற்குள் மாப்பிள்ளைக் கோலத்தில் செந்தமிழ்செல்வனின் முகம்.

"எவ்ள நேரம் அது?" என்று கேட்டாள்.

சார்லஸ் பின்னால் ஓட்டிப் பார்த்தான். "முகம் தெரியறது நாலு செகண்டு டீச்சர்."

"அதுக்கு மேல எங்கயும் இல்லியா? முன்னாடி?"

"இல்ல டீச்சர். மேல பதிஞ்சா அடியில இருக்கறது போனது போனதுதான்." அவன் கேசட்டை எடுத்து முதுகுப்பக்கம் காட்டினான். "தெரியாம அழிஞ்சிடக் கூடாதுன்னு கல்யாணக் கேசட்டுல இந்த எடத்துல இருக்கற பிளாஸ்டிக்க உடைச்சிக் குடுத்திடுவாங்க. அப்பறம் பதிய முடியாது. இதுல பாருங்க, அந்த ஓட்டைமேல செல்லோடேப் ஒட்டி..." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "ஒங்க கல்யாணமா டீச்சர்?"

அவள் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதன் கறுப்பு விளிம்பு, ஒரு மூலையில் இருந்த கீறல், அவர் எழுதிய 61. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. இருபத்தேழு வருஷமாக மாதாமாதம் அவளே துடைத்துக் காயவைத்த கேசட் அது. செல்லோடேப் பழுப்பேறி ஓரம் தூக்கியபோது ஒருமுறை அவள்தான் நகத்தால் அழுத்தி ஒட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றாமல் கேட்டாள்:

"என்னாங்க, அறுபத்தொண்ணு எந்தக் கேசட்டு?"

செந்தமிழ்செல்வன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பேப்பரை மடித்தார். மறுபடி ஒருமுறை மடித்தார்.

"நீ அம்மா வீட்டுக்குப் புவனகிரி போயிருந்த. ஒன்றரைக்குப் படம்னு பேப்பர்ல பாக்கறேன், மணி ஒண்ணு. வீட்டுல காலி கேசட்டு ஒண்ணுகூட இல்ல. ஞாயித்துக்கெழம, கடையெல்லாம் மூடிட்டான். அந்தப் படம் மறுபடி எப்பவும் வராதுன்னு எனக்குத் தெரியும் புஷ்பா. வந்துச்சா? இன்னிவரைக்கும் வரல."

"அறுபது கேசட்டு இருந்துச்சே அப்ப. அதுல ஒண்ணு கெடைக்கலியா?"

"எத அழிக்கறது?" என்றார். நிஜமாகவே கேட்டார். அந்த அறுபதில் எதை அழித்திருக்க முடியும் என்று இப்போதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப கயலு உசுரோடதான இருந்தா. வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவா. அவள வீடியோவுல வேற வெச்சிப் பாக்கணும்னு யாருக்குத் தோணும்?" என்றார் அவரே தொடர்ந்து.

"செத்தப்புறம்?"

"செத்தப்புறம் எப்டிச் சொல்றது?"

"பூஞ்சைன்னு சொல்லத் தெரிஞ்சிதுல்ல."

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

"சொல்லலன்னாக்கூடப் போவுது. அத என் கையில குடுத்துத் தொடைக்கச் சொன்னீங்களே. மாசா மாசம். எப்டிங்க முடிஞ்சிது ஒங்களால?"

"நான் அன்னிக்கி பதியலன்னா அந்தப் படம் ஒலகத்துலயே கெடையாது" என்றார் அவர் மெதுவாக. "அத நெனச்சிப் பாரு."

அவள் செருப்போடு உள்ளே போனாள். அன்றைக்கு உலை வைக்கவில்லை.

பங்குனியில் சிதம்பரத்தில் படத்தைத் திரையிட்டார்கள். தெற்கு வீதியில் ஒரு மண்டபம், முன்னூறு பேர். சென்னையிலிருந்து இரண்டு இயக்குநர்கள் வந்திருந்தார்கள். வரமாட்டேன் என்றுதான் புஷ்பவள்ளி இருந்தாள். சபாபதியே காரை எடுத்துக்கொண்டு வந்து கூப்பிட்டதால் கிளம்பினாள். வாசலில் ஒரு மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நீலத் துணிமேல் அந்தக் கேசட். பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். உப்பங்கழியில் தோணி தள்ளுகிற ஒருவன், பட்டணத்துக்குப் போன மனைவி திரும்புவாள் என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் துறையில் வந்து நிற்கிறான். அவ்வளவுதான் கதை. புஷ்பவள்ளி தூங்கிவிடத்தான் நினைத்தாள். முடியவில்லை. கடைசியில் அந்தத் தோணிக்காரன் வெறும் தோணியைக் கழிக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனபோது மண்டபத்தில் யாரோ விசும்பினார்கள். படம் நன்றாக இருந்தது. குப்பையாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ லேசாகப் போயிருக்கும்.

செந்தமிழ்செல்வனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் கால்மணி நேரம் பேசினார். ஏரியலைத் திருப்பியதைச் சொன்னார், கரண்ட் போய்விடுமோ என்று பயந்ததைச் சொன்னார். எந்தக் கேசட்டில் பதிந்தார் என்பதைச் சொல்லவில்லை. பிறகு சபாபதி, "சாருக்குத் துணையா நின்ன அம்மாவும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கைப் புஷ்பவள்ளியிடம் நீட்டினார்.

முப்பது வருஷம் வகுப்பில் பேசியவள், குரல் நடுங்கவில்லை.

"அந்தக் கேசட்டு எங்க கல்யாணக் கேசட்டு. அதுல செத்துப்போன என் தங்கச்சி இருந்தா. அதுக்கு மேலதான் இந்தப் படத்த இவரு பதிஞ்சாரு. என்னக் கேக்கல. பூஞ்சை புடிச்சிடுச்சின்னு பொய் சொன்னாரு. எனக்கு இதெல்லாம் ஒரு மாசத்துக்கு முன்னாடிதான் தெரியும்."

செந்தமிழ்செல்வன் தரையைப் பார்த்தார். அப்போது பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இன்னொருவர் தட்டினார். அப்புறம் முன்னூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"தன் கல்யாணக் கோலத்தையே கலைக்குக் காணிக்கையாக் குடுத்திருக்காங்க இந்தத் தாய். இதவிடப் பெரிய தியாகம் உண்டா?"

"நான் குடுக்கலைங்க" என்றாள் புஷ்பவள்ளி. மைக் அவரிடம் இருந்தது. யார் காதிலும் விழவில்லை. அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவள் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரப் பெண்ணிடம் கேசட்டைக் கேட்டாள்.

"படம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்கள்ல. இத நான் எடுத்துக்கறேன்."

"சாரி அம்மா. சார் போன வாரமே காப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். நாங்க ரொம்ப பத்திரமா வெச்சிப்போம், ஏசி ரூம்ல. நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்" என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள்.

திரும்பும்போது காரில் செந்தமிழ்செல்வன் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும், "நல்லாத்தான் பேசின. எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் பொய் தப்பித்துவிட்டது என்ற நிம்மதி குரலில் இருந்தது. புஷ்பவள்ளி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில், சார்லஸ் எடுத்துக் கொடுத்த நாலு வினாடியை இசைவாணிக்கு அனுப்பினாள். இசைவாணி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"பெரியம்மா, இது அம்மாவா?"

"ஆமாம்மா."

"சிரிக்கறப்ப எங் கன்னத்துல குழி விழுற மாதிரியே விழுது பெரியம்மா." அவள் அழுதாள், சிரித்தாள். "என்னா சொல்றாங்க? சத்தம் வரலியே?"

"பாட்டு போட்டுட்டாங்கம்மா மேல."

"மீதி அனுப்புங்க. மூணு மணி நேரக் கேசட்டுன்னு மாமா சொல்லுவாருல்ல."

புஷ்பவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு இசைவாணி கேட்டாள்:

"பூஞ்சைன்னு பெரியப்பா சொன்னப்ப, எங்க காட்டுங்கன்னு கேக்கலியா நீங்க?"

"தூக்கிப் போட்டுட்டன்னாரும்மா."

"சொன்னாரு. நீங்களும் சரின்னுட்டீங்க. அத்தன வருசம் அந்த அலமாரியத் தொடச்சிருக்கீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தேடிப் பாக்கணும்னு தோணலியா பெரியம்மா? என் அம்மா மட்டுமா அவங்க? ஒங்க தங்கச்சியும்தான?"

புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். இரண்டாயிரத்தில், அந்தப் பதினாறாம் நாள், கேசட் இல்லை என்று அவர் சொன்னபோது, அழுகைக்கு அடியில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. கயல்விழி ஓடுவதையும் சிரிப்பதையும் அன்றைக்குப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. இல்லை என்றது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. அதனால்தான் மேலே கேட்கவில்லை. இதை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, "சரி, வெக்கிறேன்" என்று இசைவாணி போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் அவள் போன் செய்யவில்லை. புஷ்பவள்ளி செய்தால், "வேலையா இருக்கேன் பெரியம்மா" என்பாள். பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. பெங்களூர்க்காரர்கள் மீதிக் கேசட்டுகளையும் கேட்டார்கள். கட்டிவைக்க ஆள் வேண்டும் என்று செந்தமிழ்செல்வன் இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு தானே கட்டினார். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஆவணியில் ஒரு நாள் தம்பி கதிர்வேல் புவனகிரியிலிருந்து போன் செய்தான். ஊர் விஷயம், மழை விஷயம் என்று சுற்றிவிட்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காத. இசைக்கு நிச்சயம் பண்ணிட்டோம். வெள்ளிக்கெழம முடிஞ்சிது. யாரையும் கூப்புடல, நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தான்" என்றான்.

"நாங்க யாருடா?"

"நான் சொன்னேங்க்கா. பெரியம்மாவயாவது கூப்புடுவோம்னேன். அது ஒரே புடியா வேணாம்னுடுச்சு."

"வீடியோ எடுத்தீங்களா?"

"எடுத்தோம். எதுக்குக்கா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். காலி அலமாரிகளுக்கு எதிரே செந்தமிழ்செல்வன் உட்கார்ந்திருந்தார்.

"யாரு போன்ல?"

"கதிரு. இசைக்கு நிச்சயதார்த்தம் ஆயிடுச்சாம்."

"எப்ப? நமக்குச் சொல்லவே இல்லியே?"

"சொல்லல" என்றாள் புஷ்பவள்ளி. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் சமையற்கட்டுக்குப் போய் அரிசியைக் களைந்தாள்.